பதினோராம் எண் கூண்டு

(இராமநாதபுரத்தில், கல்லூரித் தொடர்பியல் ஆசிரியர்களின் பாடத்திட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாம்பன், மண்டபம், ஏர்வாடிக் கரைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். முன்னால் வாருங்கள் என்று கூப்பிட்டுப் பார்த்தோம், வரவில்லை. இருக்கட்டும். நான் பேசப்போவதில் பாதி உங்கள் கரையைப் பற்றித்தான். தப்பாகச் சொன்னால் அங்கிருந்தே குரல் கொடுங்கள்.

‘தொடர்பியல் அறிமுகம்’ என்ற முதல் பருவத் தாளைத் திருத்துவதற்காகக் கூடியிருக்கிறோம். நம்மிடம் பாடத்திட்டத் திருத்தம் பெரும்பாலும் பொங்கலுக்கு வெள்ளையடிப்பது மாதிரி நடக்கும். சுவர் அதே சுவர்தான். ஐந்தாம் அலகின் கடைசி வரியில் ‘சமூக ஊடகங்கள்’ என்று சேர்ப்போம். அடுத்த திருத்தத்தில் அதன் பக்கத்தில் ‘செயற்கை நுண்ணறிவு’ வந்து உட்காரும். முதல் அலகை யாரும் தொடமாட்டோம். கோளாறே அந்த முதல் அலகில்தான் என்பது என் கட்சி.

அதில் என்ன இருக்கிறது? வரையறைகள், வகைகள், தடைகள். பிறகு ‘ஏழு சி’. நல்ல தகவலுக்கு, ஆங்கில ‘சி’ எழுத்தில் தொடங்கும் ஏழு இலக்கணமாம். மாணவர் ஆறைச் சொல்லிவிட்டு ஏழாவதற்குக் கூரையைப் பார்ப்பார். அதன்பின் மாதிரிகள். ஒரு பெட்டி, ஒரு அம்பு, இன்னொரு பெட்டி, நடுவில் மேலிருந்து இரைச்சல் என்று ஒரு கோடு. இந்தப் படத்தை அளவுகோல் வைத்து அழகாகப் போட்டால் மதிப்பெண் நிச்சயம். பதினேழு வயதில் கல்லூரிக்குள் நுழையும் பிள்ளை, தொடர்பு என்பது ஓர் அம்பு என்று கற்றுக்கொண்டு வெளியே போகிறது.

அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1948இல் கிளாட் ஷானன் என்ற கணித, பொறியியல் அறிஞர் பெல் நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் எழுதியது, தந்தியிலும் தொலைபேசிக் கம்பியிலும் வானொலியிலும் போகும் குறிகளைப் பிழையில்லாமல் அடுத்த முனையில் திரும்ப எடுப்பது எப்படி என்ற கணக்கு. செய்தியின் பொருள் என்ன என்பது இந்தப் பொறியியல் சிக்கலுக்குச் சம்பந்தமில்லாதது என்று அவர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். மறு ஆண்டில் வாரன் வீவர்தான் விளக்கம் எழுதி அதை மனிதர்களின் பேச்சுப் பக்கம் இழுத்து வந்தார். அதே 1948இல்தான் அரசியல் அறிஞர் ஹெரால்ட் லாஸ்வெல், யார், என்ன, எந்த வழியாக, யாருக்கு, என்ன விளைவோடு சொல்கிறார் என்ற கேள்வித் தொடரைத் தந்தார். கணித அறிஞர் நார்பர்ட் வீனரின் ‘சைபர்நெட்டிக்ஸ்’ நூலும் அதே ஆண்டு. பின்னூட்டம், அதாவது பெறுபவரிடமிருந்து அனுப்பியவருக்குத் திரும்பி வரும் பதில், என்ற எண்ணம் நம் துறைக்கு அந்த வழியாக வந்தது. ஷானனுடைய அந்தப் படத்தில் பின்னூட்ட அம்பு கிடையாது. ஆனால் நம் மாணவர்கள் கையில் புழங்கும் குறிப்புகள் சிலவற்றில் யாரோ புண்ணியவான் அந்த அம்பையும் வரைந்து ஷானன் பெயரையே போட்டிருக்கிறார். அதுவும் விடைத்தாளில் வருகிறது, நாமும் மதிப்பெண் போடுகிறோம்.

ஷானனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அவர் எந்தக் கேள்விக்கு விடை சொன்னாரோ, அந்தக் கேள்வி மாணவருக்குள் எழுந்த பிறகு அவரைக் கொண்டுவாருங்கள் என்கிறேன். அந்தக் கேள்வி எழ என்ன வழி? பாம்பனுக்குக் கூட்டிப் போங்கள்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள். கடலில் வரும் கப்பல்காரர் தூரத்திலிருந்தே பார்த்துப் புரிந்துகொள்வதற்காக ஏற்பட்ட குறி அது. இன்று அதைப் பெரும்பாலோர் எங்கே பார்க்கிறார்கள்? தொலைக்காட்சியின் அடிவரியில். ‘பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றம்’ என்று சென்னையிலும் கோவையிலும் வாசிக்கிறார்கள். குறி அப்படியே இருக்க, வாசகர் மாறிவிட்டார். இந்த ஒன்றை வைத்தே இரண்டு வகுப்பு நடத்தலாம்.

இன்னும் கேளுங்கள். எண் கூடக்கூடப் புயல் வலுக்கிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ஒன்றும் இரண்டும் தொலைவில் இருக்கும் ஆபத்துக்கு, மூன்றும் நான்கும் உள்ளூருக்கு, அதுவரை சரி. ஆனால் ஐந்துக்கும் ஆறுக்கும் உள்ள வித்தியாசம் வலுவில் இல்லை. புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடந்து போகும் என்பதில்தான் இருக்கிறது. ஏழு என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும். எட்டு, ஒன்பது, பத்து இவையும் அதே வரிசைதான், கடும் புயலுக்கு. ஐந்து ஆறானால் ‘ஒரு படி ஏறிவிட்டது’ என்று செய்தி வாசிப்பவர் குரலை உயர்த்தலாம். மாலுமிக்கோ அது காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கும் என்ற தகவல். அனுப்பியவர் ஒரு குறிமுறையில் எழுதுகிறார், பெறுபவர் வேறொன்றில் வாசிக்கிறார். பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973இல் தொலைக்காட்சியை வைத்துச் சொன்னதை இந்தக் கூண்டின் அடியில் நின்று விளக்கிவிட்டு, பிறகு அவர் எழுதியதை வாசிக்கச் சொன்னால் ஏறும். அவர் அதிகாரம், கருத்துநிலை என்று இன்னும் ஆழமாகப் போகிறார். அங்கேயும் கூட்டிப் போகத்தான் வேண்டும், ஆனால் கால் தரையில் ஊன்றிய பிறகு.

பத்தோடு முடிந்துவிட்டதா? இல்லை, பதினொன்று என்று ஒன்று உண்டு. எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை அபாயம் இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். தகவல் வரவில்லை என்பதையே ஒரு தகவலாக்கி, அதற்கு ஓர் எண்ணும் ஒரு கூண்டும் ஒதுக்கியிருக்கிறார்கள். அதை வடிவமைத்தவர் யாராக இருந்தாலும் அவர் நம் துறைக்காரர். புதிய பாடத்திட்டத்தின் முதல் அலகுக்கு நான் வைக்கும் தலைப்பு இதுதான்: தொடர்பு அறுதல். நன்றாக நடக்கும் தொடர்பு கண்ணுக்குப் படாது. அறுந்த இடத்தில்தான் எத்தனை கைகள், எத்தனை கம்பிகள், எத்தனை நம்பிக்கைகள் சேர்ந்து அதைத் தாங்கிக்கொண்டிருந்தன என்று தெரியும்.

இந்த மாவட்டத்தில் அதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் ரயில் ஊர் போய்ச் சேரவில்லை. கைகாட்டி வேலை செய்யவில்லை, ஓட்டுநர் காத்திருந்து பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார் என்பது இங்கே எல்லா வீட்டிலும் சொல்லப்படுவது. கடல் பொங்கி ரயிலைக் கொண்டுபோயிற்று, ஊரையும் கொண்டுபோயிற்று. ரயிலுக்கு என்ன ஆயிற்று என்பது வெளியுலகத்துக்கு உடனே தெரியவில்லை. இதைச் சோகக்கதையாகச் சொல்லிக் கண்கலங்க வைப்பது எளிது, அது நம் வேலையும் இல்லை. மாணவர் கேட்க வேண்டியவை வேறு. கைகாட்டி அசையாமல் நின்றால் அது ‘வராதே’ என்கிறதா, ‘நான் பழுது’ என்கிறதா? அந்த இரவில் எந்தெந்த வழிகள் அறுந்தன, எந்த வரிசையில்? முதலில் வெளியே போன தகவல் எது, யார் வழியாக? அந்த வார நாளிதழ்களை நூலகத்தில் புரட்டி, அன்றைக்கு உயிரோடு வந்தவர்களின் குடும்பங்களிடம் அனுமதி கேட்டுப் பேசி, ஒரு காலவரிசை எழுதிக்கொண்டு வரட்டும். இரண்டு ஆதாரமும் ஒத்துப்போகாத இடத்தில் கோடு போடட்டும். ஒரு பருவத்துக்கான ஆய்வுமுறைப் பாடம் அதற்குள்ளேயே வந்துவிடும்.

அரை நூற்றாண்டு தாண்டி 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல். குமரிக் கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் பல நாள் தங்கலுக்குப் போனவர்கள் எச்சரிக்கை வரும்போது கரையின் எந்தக் குரலும் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். அதற்குப் பிறகு, 2019இல், ஜெமினி என்று ஒரு கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையையும் மீன் இருக்கும் இடத் தகவலையும் வாங்கி, புளூடூத் மூலம் கைபேசிக்குத் தரும். கைபேசிக் கோபுரம் தேவையில்லை. பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒருவழிக் கருவி. ‘கிடைத்தது’ என்று கூடப் படகிலிருந்து பதில் சொல்ல முடியாது. ஷானனின் அம்பு அப்படியே ஒரு பெட்டிக்குள் அடைபட்டுப் படகேறியிருக்கிறது! ஒரு மாதிரியைத் தேர்வுக்குப் படிப்பது வேறு, அந்த மாதிரியின்படி செய்த கருவியை நம்பி ஒருவர் கடலில் இருப்பது வேறு. இரண்டாவதைப் பார்த்த மாணவருக்கு முதலாவது ஏன் முக்கியம் என்று நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இருபடி ஓட்டம் என்று கற்பிக்கிறோம் இல்லையா, 1940 அமெரிக்கத் தேர்தலின்போது ஒகையோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் லாசர்ஸ்ஃபெல்டும் அவர் தோழர்களும் நடத்திய ஆய்விலிருந்து வந்தது. வானொலியும் செய்தித்தாளும் நேராக எல்லாரையும் தொடுவதில்லை, கருத்துத் தலைவர்கள் வழியாகத்தான் மற்றவர்களுக்குப் போகிறது என்றார்கள். அதை இங்கே வைத்துச் சோதிக்கலாம். எச்சரிக்கை வந்ததும் மீன்வளத்துறை விசைப்படகுகளுக்கு, கடலுக்குப் போக அனுமதிக்கும் டோக்கன் கொடுப்பதை நிறுத்துகிறது. டோக்கன் இல்லை என்பதுதான் அங்கே செய்தி. சரி, டோக்கன் நடைமுறை இல்லாத நாட்டுப்படகுக் கரைகளுக்கு அந்தச் செய்தி எப்படிப் போகிறது? சங்கத் தலைவர் வழியாகவா, கோயில், தேவாலய, பள்ளிவாசல் ஒலிபெருக்கி வழியாகவா, வாட்ஸ்அப் வழியாகவா? அந்த வாட்ஸ்அப் குழுவில் பெண்கள் எத்தனை பேர்? பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துப் பெண்கள் பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறார்கள். அவர்களும் கடல் தொழிலாளிகள்தானே, அவர்களுக்கு யார் சொல்கிறார்கள்? விடை எனக்குத் தெரிந்து நான் கேட்கவில்லை. முதலாமாண்டு மாணவர்கள் வீடு வீடாகக் கேட்டு அம்புக்குறி போட்டு வந்தால், அந்த வரைபடம் எந்தப் பாடநூலிலும் இல்லாத ஒன்றாக இருக்கும். பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை என்ற சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே நடக்கிறது. அங்கே போய் ஒரு நாள் உட்கார்ந்தாலே, மேலிருந்து வரும் அறிவிப்புக்கும் பக்கத்து வீட்டுக் குரலுக்கும் உள்ள வேறுபாடு காதில் விழும்.

வானொலி அலைக்கு எல்லை கிடையாது என்பதற்குச் சாட்சியாக, இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இந்த அரங்கிலேயே இருக்கிறது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அரபு எழுத்தில் தமிழ் எழுதிய மரபும், வளைகுடாவுக்குப் போனவர்கள் ஒலிநாடாவில் பேசி அனுப்பிய கடிதங்களும் ஊடக வரலாற்று அலகில் வர வேண்டும். 1780இல் ஹிக்கி கல்கத்தாவில் செய்தித்தாள் தொடங்கியது இருக்கட்டும், அதற்கு ஒரு வரி போதும். 1975இல் சோதனைத் திட்டமாகச் செயற்கைக்கோள் தொலைக்காட்சி பார்த்த ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களையும் மனப்பாடம் செய்கிறோம். அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை. ஏன் இல்லை என்று எந்த மாணவராவது கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்க நாம் இடம் கொடுக்கவில்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உள்ளூரைப் பாடத்தில் சேர்ப்பது என்றதும் நமக்கு ஒரு உற்சாகம் வந்துவிடும். கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றுப் பெயர்களைப் பட்டியல் போட்டு இரண்டு மதிப்பெண் வினாவாக்கிவிடுவோம். ஏழு ‘சி’ போய் நாலு காற்று வந்தால் என்ன மாறியது? மீனவரைப் பாட்டன் காலத்து ஞானி ஆக்கிப் பொன்னாடை போர்த்துவதும் வேண்டாம். அவர் ஜிபிஎஸ் பார்க்கிறார், வாக்கி டாக்கியில் பேசுகிறார், வலைத்தளத்தில் காற்றின் வேகம் பார்த்துவிட்டு வானத்தையும் பார்க்கிறார். எதை, எப்போது, ஏன் நம்புகிறார் என்பதுதான் நமக்குப் பாடம்.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். அக மதிப்பீடு 25, எழுத்துத் தேர்வு 75 என்ற கட்டுக்குள்தான் பெரும்பாலும் நிற்கிறோம். அந்த இருபத்தைந்தும் வருகைப் பதிவுக்கும் இரண்டு சிறு தேர்வுக்கும் கரைந்துவிடுகிறது. அதில் பதினைந்தைக் களக்குறிப்பேட்டுக்குக் கொடுங்கள். குறிப்பேட்டைத் தட்டச்சு செய்து சுருள் பைண்டிங் போட்டுக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். கையெழுத்தில், அடித்தல் திருத்தலோடு இருக்கட்டும். எழுத்துத் தேர்வில் ‘ஷானன் மாதிரியை விளக்குக’ என்பதற்குப் பதிலாக, ஓர் எச்சரிக்கை அறிவிப்பின் உண்மையான வாசகத்தைக் கொடுத்து, ‘இது எங்கே அறுந்துபோக வாய்ப்பு உண்டு, ஏன்?’ என்று கேளுங்கள். ஷானனைப் படிக்காதவரால் அதற்கு எழுத முடியாது.

‘மாணவர்கள் நெட் தேர்வு எழுத வேண்டாமா, அங்கே மாதிரிகளைத்தானே கேட்கிறார்கள்?’ என்று தலைமையுரையில் ஐயா கேட்டார்கள். நியாயமான கேள்வி. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான அந்த நெட் தேர்வின் முதல் தாளிலேயே தொடர்பியலுக்கு ஓர் அலகு இருக்கிறது. மாதிரிகள் நம் தாளிலும் இருக்கும், நான்காம் அலகில், மூன்று வாரம். ஒன்றும் குறையாது. மாதிரி தந்தவர்களை, பெர்லோ 1960, ஷ்ரம் 1954 என்று, ஆண்டோடு சொல்லிக்கொடுப்போம். வரிசைதான் மாறுகிறது.

கடைசியாக, இந்தத் தாளை இரண்டாம் பருவத்துக்குத் தள்ளலாம் என்று வரைவில் ஒரு யோசனை இருக்கிறது. மொழித்தாள்களின் சுமையைச் சமன்செய்ய என்று காரணம் போட்டிருக்கிறார்கள். வேண்டாம். முதல் பருவம் ஜூனில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. வடகிழக்குப் பருவமழையும் புயலும் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வருகின்றன, அதில் முதல் இரண்டு மாதமும் இந்தப் பருவத்துக்குள் விழுகின்றன. கூண்டு ஏறுவதை மாணவர்கள் நேரில் பார்க்க அதிக வாய்ப்பு அப்போதுதான். இரண்டாம் பருவத்தின் கடைசியில், ஏப்ரல் 15க்கு மேல் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகுகள் கரையில் கிடக்கும். அந்த நேரத்தில் களப்பணிக்குக் கூட்டிப்போனால் பேட்டி நிறையக் கிடைக்கும், ஆனால் எச்சரிக்கை வரும் நாளில் ஒரு கரை எப்படி இயங்குகிறது என்பது கிடைக்காது. மொழித்தாளுக்கு வேறு இடம் பாருங்கள். மதியம் அலகுவாரியாக உட்காரும்போது இந்த ஒன்றை முதலில் எடுத்து முடித்துவிடுங்கள், மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் நிற்கிறது. வணக்கம்.