ஃபால்ட் கண்டுபிடிக்க போட்டோ ஃபில்டர் போதுமா?

ஒரு கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவி கேட்டிருக்காங்க: "சார், சீஸ்மிக் படமும் ஒரு படம்தானே? போட்டோவுல ஓரம் கண்டுபிடிக்கிற சோபெல், கேனி ஃபில்டரையே இதுலயும் போட்டா ஃபால்ட் தானா தெரிஞ்சிடாதா?" ரெண்டு நாளா இந்தக் கேள்வி மனசுலயே ஓடுது. ரொம்ப நல்ல கேள்விம்மா. புதுசா வர்றவங்களுக்கு ஒரு வரி: சீஸ்மிக் படம்னா, பூமிக்குள்ள அலையை அனுப்பி, திரும்பி வர்ற எதிரொலியை வச்சு வரையற நிலத்தடிப் படம்; ஃபால்ட்னா பாறை அடுக்கு உடைஞ்சு நழுவின இடம்.

போட்டுப் பாருங்க. வடகடல்ல நெதர்லாந்து பக்கத்து எஃப்3ங்கற பகுதியோட சீஸ்மிக் டேட்டா, யார் வேணும்னாலும் இலவசமா இறக்கிக்கலாம், நம்ம வீடியோவுல வழக்கமா வர்றதுதான். அதுல ஒரு செங்குத்து வெட்டை எடுத்து கேனி போட்டா படுக்கைவாட்டுல கோடு கோடா வரும். அத்தனையும் பாறை அடுக்கு. ஏன்னா அந்தப் படத்துல பெரிய ஓரமே அடுக்குதான். ஒரு பழைய பேப்பர் கட்டை நடுவுல வெட்டி, ஒரு பாதியைக் கொஞ்சம் கீழ இறக்குங்க. பக்கவாட்டுல பார்த்தா தாள் தாளாத்தான் தெரியும். வெட்டுன இடம் எதுல தெரியுது? இந்தப் பக்கத்துத் தாள் அந்தப் பக்கத்துத் தாளோட சேராம நிக்கிறதுல.

அதனாலதான் எப்பவும் சொல்றேன், பக்கத்து ட்ரேஸைக் கேளுங்கன்னு. ட்ரேஸ்னா ஒரு இடத்துக்குக் கீழ இருந்து வந்த எதிரொலியோட பதிவு, படத்துல ஒரு செங்குத்துக் கோடு. 1995-ல அமோகோ எண்ணெய் நிறுவனத்துல இருந்த பஹோரிச்சும் ஃபார்மரும் வெளியிட்ட கொஹீரன்ஸ் முறை இதுதான். ஒரு ட்ரேஸை இன்லைன்ல பக்கத்துல இருக்கறதோட, அதுக்குக் குறுக்க ஓடற கிராஸ்லைன்ல பக்கத்துல இருக்கறதோட ஒப்பிடணும். ஒத்துப்போனா வெள்ளை, ஒத்துப்போகலைன்னா கருப்பு. அதுக்கு முன்னாடி சாதாரண டைம் ஸ்லைஸ்ல, அதாவது எதிரொலி வந்த ஒரே நேரத்துல எடுத்த படுக்கை வெட்டுல, அடுக்கு ஓடற திசையிலயே ஓடற ஃபால்ட் அடுக்குக் கோட்டோட கோடா ஒளிஞ்சுக்கும். கொஹீரன்ஸ்ல அடுக்கு மறைஞ்சு, ஃபால்ட்டும் புதைஞ்சுபோன ஆத்துக் கால்வாயும் கருப்பா எழுந்து வருது.

ஆனா பக்கத்து ட்ரேஸை எந்த உயரத்துல கேக்கறீங்க? அடுக்கு சாய்ஞ்சிருக்குன்னு வைங்க. 25 மீட்டர் தள்ளிப் போறதுக்குள்ள 10 மீட்டர் இறங்குது. அலை கீழ போகணும், திரும்பி வரணும், ஆக 20 மீட்டர். நொடிக்கு 2000 மீட்டர் வேகம்னா 10 மில்லிசெகண்ட். ட்ரேஸ்ல 4 மில்லிசெகண்டுக்கு ஒரு சாம்பிள் பதிவாகுதுன்னா, ரெண்டரை சாம்பிள் கீழ போய்த்தான் அதே அடுக்கைப் பிடிக்கணும். நேரா ஒப்பிட்டா, முழுசா இருக்கற அடுக்கையும் உடைஞ்சதுன்னு காட்டும். சாய்வைப் பிடிச்சுக்கிட்டே பக்கத்து ட்ரேஸைக் கேளுங்க.

உங்க படிப்பு உள்ள வர்ற இடமும் இந்தச் சாய்வுதான். சும்மா சராசரி எடுத்து இரைச்சலைக் குறைச்சா ஃபால்ட்டும் சேர்ந்து மழுங்கிடும். 2003-ல ஷெல் நிறுவனத்து ஃபெமர்ஸும் ஹோக்கரும், படங்களைச் சுத்தம் பண்ண உருவான டிஃப்யூஷன் முறையை எடுத்து, அடுக்கோட போக்குலயே மென்மையாக்கி, ஃபால்ட் வர்ற இடத்துல நிறுத்தற மாதிரி செஞ்சாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை அது. முதல்ல இதைப் போடுங்க, அப்புறம் கொஹீரன்ஸ்.

இன்னொண்ணும் கேட்டிருக்கலாம்: கருப்பா வர்றதெல்லாம் ஃபால்ட்டா? வேலைக்குச் சேர்ந்த புதுசுல, ஒரு கடல் சர்வேயில வரிசையா ஓடின கருப்புக் கோட்டையெல்லாம் ஃபால்ட்னு மேப்புல வரைஞ்சு எடுத்துட்டுப் போனேன். எங்க சீனியர் ஒண்ணும் சொல்லல. ஸ்கேலை எடுத்து, கோட்டுக்குக் கோடு இடைவெளியை அளந்தார். எல்லாம் ஒரே அளவு. "கப்பல் எந்தத் திசையில ஓடிச்சு?"ன்னு கேட்டார். அதே திசை. டேட்டா எடுத்த விதம் படத்துல விட்டுட்டுப் போன தடம் அது. ஆழத்துக்குப் போகப் போக மங்கிடுச்சு. அன்னிக்கு மூணு வார வேலையை அழிச்சேன்.

அதனால கருப்புக் கோடு கிடைச்ச உடனே, அதுக்குக் குறுக்க ஒரு செங்குத்து வெட்டு எடுத்துப் பாருங்க. கிரேஸ்கேல்ல பாருங்க, சிவப்பு நீலம் வேண்டாம், சின்ன நழுவலை அந்த நிறமே மறைச்சிடும். அடுக்கு நிஜமாவே இறங்கியிருக்கா? எஃப்3-ல ஒரே டைம் ஸ்லைஸை சாய்வைப் பிடிச்சு ஒண்ணு, பிடிக்காம ஒண்ணுன்னு செஞ்சு அனுப்புங்கம்மா. அடுத்த வீடியோவை அந்த ரெண்டு படத்துலேருந்தே ஆரம்பிக்கிறேன்.