திரும்பப் பெறாத கையொப்பம்

அன்பார்ந்த நேயர்களுக்கு என் வணக்கம்.

ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை ஒருவரின் வாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்தபோது, மனத்தில் முதலில் வந்து நின்ற பெயர் செக்கோஸ்லோவாகியாவின் வேரா சாஸ்லாவ்ஸ்கா. ஒலிம்பிக்கில் தனிநபர் பிரிவுகளில் மட்டும் 7 தங்கப் பதக்கங்களை அவர் வென்றார். 4 வெள்ளிகளையும் சேர்த்தால் மொத்தம் 11. பெண்களுக்கான நான்கு பிரிவுகளான தாண்டுதல், ஏற்ற இறக்கக் கம்பிகள், சமநிலைக் கட்டை, தரைப் பயிற்சி ஆகிய ஒவ்வொன்றிலும், அவற்றின் கூட்டான ஒட்டுமொத்தப் பிரிவிலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஒரே பெண் அவர்தான். இவ்வளவு சாதித்தவரை உலகம் பெரும்பாலும் நினைவில் வைத்திருப்பது, பதக்க மேடையில் அவர் தலையைத் திருப்பிக்கொண்ட சில நொடிகளுக்காக. அந்த நொடிகளைவிட, அதற்குப் பிந்தைய இருபது ஆண்டுகள்தாம் அவருடைய மிகக் கடினமான சாதனை என்பது என் எண்ணம்.

1942-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் பிராக் நகரில் வேரா பிறந்தார். சிறுமியாக இருந்தபோது பனிச்சறுக்கு நடனம்தான் பயின்றார். பின்னாளில் சமநிலைக் கட்டையில் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஏவா போசாகோவாவின் பார்வையில் பட்ட பிறகே ஜிம்னாஸ்டிக்ஸுக்கு வந்தார். 1958-இல் மாஸ்கோவில் நடந்த உலகப் போட்டியில் குழுப் பிரிவில் வெள்ளி வென்ற அணியில் இடம்பெற்றார். அப்போது அவருக்கு வயது 16. 1960 ரோம் ஒலிம்பிக்கிலும் குழு வெள்ளி. 1962-இல் சொந்த ஊரான பிராக்கில் நடந்த உலகப் போட்டியில் சோவியத் ஒன்றியத்தின் லாரிசா லாத்தினினாவுக்கு அடுத்து, ஒட்டுமொத்தப் பிரிவில் இரண்டாம் இடம் பெற்றார்.

அந்த லாத்தினினாவையே 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் வென்று ஒட்டுமொத்தத் தங்கத்தைக் கைப்பற்றினார். தாண்டுதலிலும் சமநிலைக் கட்டையிலும் கூடவே தங்கம் கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் அவருக்கு ஈடு சொல்ல ஆளில்லை. 1965, 1967 ஆகிய இரண்டு ஐரோப்பியப் போட்டிகளிலும் இருந்த ஐந்து தங்கங்களையும் அவரே அள்ளினார். 1966-இல் டோர்ட்முண்ட் உலகப் போட்டியில், அதுவரை குழுப் பிரிவில் தோல்வியே அறியாத சோவியத் அணியை செக்கோஸ்லோவாகியா வீழ்த்தியதும் அவர் தலைமையேற்ற காலத்தில்தான்.

இனி 1968-க்கு வருவோம். ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் அலெக்சாண்டர் துப்செக்கின் கீழ் நாட்டில் தணிக்கை தளர்ந்து, மக்கள் வாய்திறந்து பேசத் தொடங்கியிருந்த ஆண்டு அது. ஜூன் மாத இறுதியில் எழுத்தாளர் லூத்விக் வாத்சுலிக் எழுதிய ‘இரண்டாயிரம் சொற்கள்’ என்ற அறிக்கை வெளியானது. சீர்திருத்தம் பாதியில் நின்றுவிடக் கூடாது என்று வற்புறுத்திய அந்த அறிக்கையில், நெடுந்தூர ஓட்டக்காரர் எமில் சாட்டோபெக்கைப் போலவே வேராவும் கையொப்பமிட்டார். இரண்டு மாதங்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 20-ஆம் நாள் இரவு, இந்தச் சீர்திருத்தத்தை ஒடுக்க, சோவியத் தலைமையிலான ராணுவக் கூட்டணியான வார்சா ஒப்பந்தப் படைகள் எல்லையைக் கடந்து உள்ளே புகுந்தன.

நாட்டின் மொராவியாப் பகுதியில் ஒலிம்பிக்குக்காகப் பயிற்சி செய்துகொண்டிருந்த வேரா, கைது செய்யப்படலாம் என்ற அச்சத்தில் யெசெனிக் மலைக்காட்டுக்குள் மறைந்துகொண்டார். மெக்சிகோ ஒலிம்பிக் தொடங்க இரண்டு மாதங்கள்கூட இல்லாத நேரம் அது. காட்டில் பயிற்சிக்கூடம் ஏது? மரக்கிளைகளில் தொங்கி ஆடினார். விழுந்து கிடந்த மரத்தின் மேல் சமநிலைப் பயிற்சி செய்தார். உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தூக்கி உடல்வலுவைக் காத்தார். இவற்றையெல்லாம்விட என்னை நெகிழ வைக்கும் செய்தி ஒன்று உண்டு. அவர் மண்வெட்டி பிடித்து நிலக்கரி அள்ளினார். கம்பியில் சுழல்பவரின் உள்ளங்கை காய்த்துப்போயிருக்க வேண்டும். சில வாரங்கள் கம்பியைத் தொடாமல் விட்டால் அந்தத் தோல் மென்மையாகிவிடும்; மறுபடி கம்பியைப் பிடித்துச் சுழலும்போது கொப்புளம் கிளம்பி, கை கிழிந்துவிடும். உள்ளங்கையின் காய்ப்பைக் காப்பாற்றத்தான் கரி அள்ளினார். காட்டில் ஒளிந்திருந்த அந்த நாள்களிலும் அவர் மனம் போட்டியை விட்டு விலகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கடைசி நேரத்தில் மெக்சிகோ செல்ல அனுமதி கிடைத்தது. அங்கே தரைப் பயிற்சிக்கு மெக்சிகோ மக்களின் தொப்பி நடன இசையையே அவர் தேர்ந்தெடுத்திருந்தார். முதல் சில சுரங்கள் ஒலித்ததுமே அரங்கம் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. ஒட்டுமொத்தப் பிரிவில் மீண்டும் தங்கம்; லாத்தினினாவுக்கு அடுத்து, தொடர்ந்து இரண்டு ஒலிம்பிக்கில் இதைச் சாதித்த பெண் இவர்தான். தாண்டுதலிலும் கம்பிகளிலும் தங்கம் சேர்ந்தது. சமநிலைக் கட்டையில் சோவியத் வீராங்கனை நத்தாலியா குச்சின்ஸ்கயா முதலிடமும் வேரா இரண்டாமிடமும் பெற்றனர். தரைப் பயிற்சியில் முதலிடம் வேராவுக்குத்தான் என்று இருந்த நிலையில், சோவியத்தின் லாரிசா பெத்ரிக்கின் முந்தைய சுற்று மதிப்பெண் உயர்த்தப்பட்டு, இருவரும் தங்கத்தைப் பகிர்ந்துகொள்ளும்படி ஆனது.

ஆக, தம் நாட்டின் தெருக்களில் டாங்கிகளை நிறுத்தியிருந்த நாட்டின் கீதத்தை அவர் இந்த இரு பிரிவுகளின் மேடையிலும் நின்று கேட்க வேண்டியிருந்தது. அந்த இருமுறையும் வேரா தலையைத் தாழ்த்தி, வலப்பக்கமாகத் திருப்பிக்கொண்டார். பதிவுப் படத்தைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: உடல் நேராகத்தான் நிற்கிறது, கைகள் அசையவில்லை, முகத்தில் கடுகடுப்பும் இல்லை. அருகில் நின்ற போட்டியாளர்களை அவர் அவமதிக்கவில்லை. கொடியேறும் திசையைப் பார்க்க மறுத்தார், அவ்வளவே. மறுநாளே, அக்டோபர் 26 அன்று, டோக்கியோவில் 1500 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற தம் நாட்டு வீரர் யோசெப் ஒத்லோஷிலை மெக்சிகோ நகரில் மணந்துகொண்டார். பேராலயத்தின் முன் பல்லாயிரம் பேர் திரண்டுவிட்டனர். நாடு திரும்பியதும் நான்கு தங்கப் பதக்கங்களையும் துப்செக், அதிபர் ஸ்வோபோதா, செர்னீக், ஸ்ம்ர்கோவ்ஸ்கி என்ற நான்கு தலைவர்களுக்கும் ஆளுக்கொன்றாக அளித்தார்.

அதன் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. துப்செக் பதவியிழந்தார், புதிய ஆட்சியினர் கையொப்பமிட்டவர்களை அழைத்து, அதைத் திரும்பப் பெறும்படி நெருக்கினர். சாட்டோபெக் ராணுவப் பதவியை இழந்து உடலுழைப்பு வேலைக்குப் போக நேர்ந்தது. காலப்போக்கில் பலர் பின்வாங்கினர்; அவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை, ஏனெனில் பிள்ளைகளின் படிப்பும் வீட்டின் அடுப்பும் அந்த ஒரு கையொப்பத்தைச் சார்ந்திருந்தன. வேரா மறுத்தார். விளையாட்டு அமைப்புகளிலிருந்து விலக்கப்பட்டார்; பயிற்சியாளராகவும் பணிபுரிய முடியவில்லை. ஒலிம்பிக்கில் 7 தங்கம் வென்றவர், அடையாளம் தெரியாதபடி வேடம் மாற்றிக்கொண்டு வீடுகளைச் சுத்தம் செய்யப் போன காலம் அது. அவர் எழுதிய தன்வரலாறும் நாட்டில் வெளிவர இயலவில்லை. பல ஆண்டுகள் போராடிய பிறகே பயிற்சியளிக்க அனுமதி கிடைத்தது. பின்னர் மெக்சிகோவுக்குச் சென்றும் சில காலம் பயிற்சியளித்தார்.

மேடையில் தலையைத் திருப்பியபோது உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. அரங்கம் முழுவதும் அவரை நேசித்தது. அலுவலக அறையில், மேசைக்கு எதிரே ஒரு தாளை வைத்துக்கொண்டு அதிகாரி காத்திருக்கும்போது, பார்க்க யாரும் இல்லை. அங்கேயும் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டு எழுந்து வருவதும், அடுத்த ஆண்டு மறுபடி அழைக்கப்பட்டு அதையே மறுபடி சொல்வதும் எத்தகைய உறுதியைக் கேட்கும் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

1989 நவம்பரில், கம்யூனிஸ்ட் ஆட்சியை வன்முறையின்றி முடிவுக்குக் கொண்டுவந்த வெல்வெட் புரட்சி வந்தது. புதிய அதிபர் வாத்ஸ்லாவ் ஹாவெல் அவரைத் தம் ஆலோசகராக்கிக்கொண்டார். செக்கோஸ்லோவாகிய ஒலிம்பிக் குழுவின் தலைமையும் அவரைத் தேடி வந்தது. 1995-இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் உறுப்பினரானார். ஆனால் அதற்குள் குடும்பத்தில் பேரிடி விழுந்திருந்தது. 1993-இல் மகனுக்கும் மணவிலக்குப் பெற்றிருந்த கணவருக்கும் இடையே நேர்ந்த மோதலில் ஒத்லோஷில் உயிரிழந்தார். மகனுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, பின்பு ஹாவெலின் மன்னிப்பு கிடைத்தது. வேரா கடும் மனச்சோர்வில் ஆழ்ந்து, பல ஆண்டுகள் பொதுவாழ்விலிருந்து முற்றிலும் ஒதுங்கியிருந்தார். மீண்டும் அவர் வெளியே வந்து பேசியபோது நாடு அவரை அன்போடு வரவேற்றது.

கணையப் புற்றுநோயால் 2016 ஆகஸ்ட் 30-ஆம் நாள், தம் 74-ஆம் வயதில் பிராக்கில் வேரா காலமானார். ரியோ ஒலிம்பிக் நிறைவடைந்து ஒன்பது நாள்களே ஆகியிருந்தன. அந்தப் போட்டியில்தான் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் 4 தங்கம் வென்று, ஒரே ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் பெற்ற பெண் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைகளின் சிறு வரிசையில் சேர்ந்தார். பைல்ஸின் நான்கில் ஒன்று குழுத் தங்கம். 1968-இல் வேரா வென்ற நான்கும் அவர் தனியே நின்று வென்றவை.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.