எந்த எல்லையைத் தாண்டி?

நேயர்களுக்கு வணக்கம்.

"எல்லை தாண்டி மீன் பிடித்ததாக" என்று செய்தி தொடங்கினால் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் எல்லாரும் காதைத் தீட்டிக்கொள்வோம். எந்த எல்லை என்று கேளுங்கள். பலரும் "12 நாட்டிக்கல்" என்பார்கள். சட்டம் எல்லைக் கடல் என்று சொல்வது அந்த 12 கடல் மைலைத்தான், அதாவது சுமார் 22 கிலோமீட்டர். ஆனால் செய்தியில் வரும் எல்லை அது அல்ல.

முதலில் இந்த எல்லைக் கடல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கடல் எவருக்கும் சொந்தமில்லை என்று 1609-இல் வாதாடியவர் குரோஷியஸ் என்ற டச்சுக்காரர். அரசர்கள் விடுவார்களா? கரையோரமாவது எங்களுக்கு வேண்டும் என்றார்கள். சரி, எதுவரை? 1702-இல் பைங்கர்ஷூக் என்ற இன்னொரு டச்சுச் சட்ட அறிஞர் பதில் சொன்னார்: ஆயுதத்தின் வலு எங்கே முடிகிறதோ, அங்கே நிலத்தின் ஆட்சியும் முடிகிறது. கரையில் நிற்கும் பீரங்கியின் குண்டு விழும் தூரம்வரை உன் கடல், அவ்வளவுதான். (அப்போது நம் பக்கத்துத் தூத்துக்குடியே டச்சுக்காரர் கையில்தான் இருந்தது.) பீரங்கிக்குப் பீரங்கி தூரம் மாறுமே என்று 1782-இல் கலியானி என்ற இத்தாலியர் மூன்று மைல் என நிலையான கணக்காக்கினார். அக்காலத்துச் சாதாரணப் பீரங்கி அவ்வளவு தூரம் சுடாது என்பது வேறு கதை.

அந்த மூன்றுதான் பிறகு வளர்ந்தது. இந்தியா 1956-இல் ஆறு மைல் என்றது, 1967-இல் 12 என்றது. 1976-இல் தனிச் சட்டமே வந்தது.

பாக் விரிகுடாவுக்கு இந்தப் பீரங்கிக் கணக்கு எந்தக் காலத்திலும் சரியாகப் பொருந்தியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ராமநாதபுரம் ராஜாவுக்குச் சொந்தமான சங்குப் பாரில், அதாவது சங்கு விளையும் கடலடிப் பகுதியில், சங்கு எடுத்ததாக ஒரு திருட்டு வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பாக் விரிகுடாவை யார் ஆட்சிக்கும் உட்படாத திறந்த கடலாகக் கருத முடியாது என்றது நீதிமன்றம். காலங்காலமாகச் சங்கு குளித்த உரிமைக்குக் கிடைத்த மதிப்பு என்றே நான் அதைப் பார்க்கிறேன்.

அப்புறம் அகலத்தைப் பாருங்கள். இந்தியாவுக்கு 12, இலங்கைக்கு 12 என்றால் 44 கிலோமீட்டர் தண்ணீர் வேண்டும். அரிச்சல்முனைக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30தான். குறுகலான சந்தில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் இருவரும் அகலத் திண்ணை கேட்ட மாதிரி. அதனால் இரு அரசுகளும் 1974-இல் பாக் விரிகுடாவிலும், 1976-இல் மன்னார் வளைகுடாவிலும் அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளை வைத்துக் கோடு போட்டன. கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது 1974 கோட்டில்தான். தனுஷ்கோடியிலிருந்து போனால் கோடு சீக்கிரம் வந்துவிடும். தொண்டியிலிருந்து போனால் தள்ளித்தான் வரும். செய்தியில் வரும் எல்லை இதுதான். கரையிலிருந்து மைல் எண்ணிக்கொண்டு போகிறவருக்கு அது பிடிபடாது. ஜிபிஎஸ் கருவியில் அந்தப் புள்ளிகளை ஏற்றி வைத்திருக்க வேண்டும்.

அப்படியானால் 12 எதற்கு? அரசமைப்புச் சட்டத்தில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. எல்லைக் கடலுக்கு அப்பால் நடக்கும் மீன்பிடிப்பு மட்டும் ஒன்றியப் பட்டியலில். மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கி அள்ளும் சுருக்குமடி வலை பற்றிய வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த இடைக்கால அனுமதியும் 12 மைலுக்கு அப்பால்தான், அதுவும் திங்களும் வியாழனும் மட்டும்.