பெண்ணை நிமிர வைத்தது பத்திரமே!

நடுவர் அவர்களே, எதிரணியில் வரிந்துகட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

'பெண்ணை நிமிர வைத்தது வாக்குச்சீட்டா, சொத்துப் பத்திரமா?' என்பது இன்றைய தலைப்பு. சற்றுமுன் பேசிய எதிரணித் தலைவர் 1893இல் நியூசிலாந்து, 1918இல் பிரிட்டன், 1921இல் சென்னை மாகாணம் என்று மூன்று ஆண்டுகளை அடுக்கி, வாக்குச்சீட்டுக்கு மாலை போட்டுவிட்டுப் போனார். மூன்று ஆண்டும் சரிதான். அந்த ஆண்டுகளுக்கு முன்னால் நடந்ததை மட்டும் லாவகமாகத் தாண்டிவிட்டார்.

நியூசிலாந்தில் கேட் ஷெப்பர்டும் தோழிகளும் வாக்குரிமை கேட்டு ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கினார்கள், 1893 செப்டம்பர் 19 அன்று சட்டம் வந்தது. ஆனால் மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளலாம் என்ற சட்டம் அங்கே 1884லேயே வந்தாயிற்று. பிரிட்டனில் 1870 வரைக்கும் மனைவி உழைத்து வாங்கிய கூலிகூடச் சட்டப்படி கணவன் பணம். 1870இல் கூலி அவள் கைக்கு வந்தது, 1882இல் சொத்தும் வந்தது. அதற்குப் பிறகு 36 ஆண்டு கழித்துத்தான் 1918. அந்த 1918லும் எல்லாப் பெண்ணுக்கும் வாக்கு இல்லை நடுவர் அவர்களே. பட்டதாரிகளை விட்டால், 30 வயது நிரம்பி, தனக்கோ கணவருக்கோ உள்ளாட்சி வாக்காளர் ஆகும் அளவுக்கு வீடோ நிலமோ இருந்தவளுக்குத்தான். ஆணைப் போல 21 வயதில் வாக்களிக்க 1928 வரை காத்திருந்தாள். ஆக, வாக்குச்சாவடியின் கதவைத் திறந்துவிட்டதே சொத்துதான்.

நம் ஊருக்கு வருவோம். 1917 டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று சென்னையில் பிரிட்டிஷ் அரசின் இந்திய அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. லண்டன் தானாக முடிவெடுக்காமல், அந்தந்த மாகாண சட்டசபை தீர்மானிக்கட்டும் என்று தள்ளிவிட்டது. 1921 ஏப்ரலில் சென்னை சட்டசபை, பெண் என்பதால் வாக்கில்லை என்ற தடையை நீக்கியது. பிரிட்டிஷ் இந்தியாவிலேயே முதல் மாகாணம் நாம்தான். நானும் கைதட்டுகிறேன். ஆனால் நீங்கியது பாலினத் தடை மட்டும்தான், சொத்துத் தகுதி அப்படியே நின்றது. வரி கட்டும் வீடோ நிலமோ தன் பெயரில் இருக்க வேண்டும். எத்தனை பெண்கள் பெயரில் இருந்தது? நூற்றுக்கு ஒருத்திகூடத் தேறவில்லை! 1935 இந்திய அரசுச் சட்டத்தில் வாக்காளர் பெண்கள் சுமார் 60 லட்சமாக உயர்ந்ததற்குக் காரணம், கணவரின் சொத்துத் தகுதியை மனைவிக்கும் நீட்டியதும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களைச் சேர்த்ததும்தான். கணவன் பட்டாவின் நிழலில் நின்று வாங்கிய வாக்கு அது.

எதிரணிக்கு ஒரு மதிப்பெண் நானே போட்டுவிடுகிறேன். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்கு வீடு வீடாகப் பட்டியல் எடுத்தபோது, வடக்கே பல மாநிலங்களில் பெண்கள் பெயரைச் சொல்லவே இல்லை. 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய தாய்' என்றுதான் பதிவாகியிருந்தது. தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் பிடிவாதமாக நின்றார். சொந்தப் பெயர் தராத சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். அடுத்த தேர்தலில் பெயரோடு வந்தார்கள். 'உன் பெயர் என்னம்மா?' என்று அரசாங்கம் அவளைக் கேட்டது வாக்குச்சீட்டால்தான். ஒத்துக்கொள்கிறேன். பெயர் கிடைத்தது சரி, அந்தப் பெயரில் என்ன இருந்தது?

பிரான்ஸைப் பாருங்கள். 1944இல் சட்டம் வந்து 1945இல் பெண்கள் முதன்முறை வாக்களித்தார்கள். ஆனால் மணமான பெண் கணவன் சம்மதம் கேட்காமல் வேலைக்குப் போகவும் தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கவும் 1965 ஆனது. இருபது ஆண்டு நாட்டுக்குத் தலைவர்களைத் தேர்ந்தெடுத்தவளுக்கு ஒரு பாஸ்புத்தகம் வாங்கத் தகுதியில்லை!

இலங்கையில் 1931இல் ஆண், பெண் இருவருக்கும் 21 வயதில் வாக்கு வந்தது. நமக்கெல்லாம் முன்னோடி. அதே நாட்டின் வடக்கே யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட பெண்ணுக்கு 1911இல் கட்டளைச் சட்டம் ஒன்று வந்தது. தாய்வீடு சீதனமாக எழுதிக் கொடுத்த காணியைக்கூட, கணவரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் அவள் விற்கக் கூடாது, ஈடு வைக்கக் கூடாது என்றது அது. உயில் எழுதலாம், அதாவது செத்த பிறகு கொடுக்கலாம்! கணவர் காணாமல் போயிருந்தாலோ, சம்மதிக்க மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றம் ஏறி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. போரில் கணவர் காணாமல்போன பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய மலை என்று யோசித்துப் பாருங்கள். பத்திரம் அவள் பெயரில், பேனா அவர் கையில். 1931க்குப் பிறகு தேர்தல் மேல் தேர்தலாக நடந்தும் பல பத்தாண்டுகள் அந்தப் பிரிவு அசையவில்லை.

'1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தை இயற்றியது யார்? பெண்கள் வாக்குப் போட்டு அனுப்பிய நாடாளுமன்றம்தானே?' என்று எதிரணி நண்பர் உட்கார்ந்தபடியே கேட்கிறார். நல்ல கேள்வி. அந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, அதுவரை அனுபவிக்க மட்டும் உரிமை பெற்றிருந்த விதவையை முழு உரிமையாளர் ஆக்கியது. பெரிய மாற்றம்தான். ஆனால் 6ஆம் பிரிவில் என்ன செய்தார்கள்? பூர்வீகச் சொத்தில் பிறப்பால் வரும் பங்கை மகனுக்கே விட்டுவிட்டார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். பூர்வீக நிலம் 8 ஏக்கர். அப்பா, ஒரு மகன், ஒரு மகள். தாய் ஏற்கெனவே காலமாகிவிட்டார். அப்பா உயில் எழுதாமல் இறக்கிறார். 1956 சட்டப்படி முதலில் அப்பாவுக்கும் மகனுக்கும் பாகம் பிரிந்ததாகப் பாவித்து, ஆளுக்கு 4 ஏக்கர். பிறகு அப்பாவின் 4 ஏக்கர் மட்டும் இரண்டாகும். முடிவில் மகனுக்கு 6, மகளுக்கு 2. வீட்டிலாவது பங்கு பிரித்துக் கேட்கலாமா என்றால், ஆண் வாரிசுகள் பிரிக்கச் சம்மதிக்கும் வரை வாய் திறக்கக் கூடாது என்றது 23ஆம் பிரிவு.

1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அது தமிழ்நாட்டில் சட்டமானது 1989 மார்ச் 25 முதல். சரியாக 60 ஆண்டு! இடையில் எட்டு மக்களவைத் தேர்தல் முடிந்துவிட்டது, எட்டிலும் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அந்த 1989 சட்டமும் அதற்கு முன்பே மணமான பெண்ணை வெளியே நிறுத்தியது. அக்காவுக்கு 1988 தையில் கல்யாணம், தங்கைக்கு 1989 ஆவணியில். ஒரே அப்பா, ஒரே நிலம், தங்கைக்கு மட்டும் பிறப்புரிமை! 2005 செப்டம்பர் 9இல் மத்திய அரசின் திருத்தம் வந்துதான் அக்காவும் உள்ளே வந்தாள், 23ஆம் பிரிவும் ஒழிந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருக்க வேண்டுமா என்ற சண்டை 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது. இருக்க வேண்டியதில்லை என்றார்கள். 'அப்பவே வாயால் பாகம் பிரிச்சாச்சு' என்று சொல்லி மகளை ஏய்க்கும் வழியையும் பெரும்பாலும் அடைத்தார்கள். இப்போது அந்த 8 ஏக்கரில் மகளுக்கு 4.

இந்த உரிமை எவ்வளவு கனமானது என்று எனக்குக் காட்டிக்கொடுப்பது சார்பதிவாளர் அலுவலகம்தான். வாக்குரிமையை யாராவது உங்களிடம் எழுதி வாங்கியிருக்கிறார்களா? சொத்துரிமையை எழுதி வாங்குகிறார்கள். பங்கை விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்து வாங்க அதற்கென்றே ஒரு ஆவணம் இருக்கிறது. அதற்கு வைத்த பெயரைப் பாருங்கள் நடுவர் அவர்களே, 'விடுதலைப் பத்திரம்'! யாருக்கு விடுதலை?

அப்பா காரியம் முடிந்ததும் வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்று கேட்டு மனுப் போடுவார்கள். முதல் கோளாறு அங்கேயே நடக்கும். 'கட்டிக்கொடுத்தாச்சே' என்று மகள் பெயரை விட்டு எழுதுவார்கள். பெயர் வந்துவிட்டால் அடுத்த கட்டம், 'ஒரு கையெழுத்துதானே, வந்து போட்டுட்டுப் போ' என்று அழைப்பு. குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத்தீர்வை வெறும் 1 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. அண்ணனுக்கு ஏக லாபம். பத்திரத்தில் 'உரிய பிரதிபலன் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்விதப் பாத்தியதையும் இல்லை' என்று ஒரு வரி இருக்கும். ரொக்கம் வந்ததா என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பிறகு ஏமாற்றப்பட்டது தெரிந்தால், தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அந்த மூன்று ஆண்டும் 'அண்ணன் தம்பி உறவு அறுந்துடுமே' என்ற யோசனையிலேயே கழிந்துவிடும்.

கையெழுத்துக்கு முன் அவள் செய்ய வேண்டியது நான்கே. வில்லங்கச் சான்று எடுத்துச் சொத்து யார் பெயரில் எப்படி வந்தது என்று பார்ப்பது. பூர்வீகமா, அப்பா சம்பாதித்ததா என்று பிரித்து அறிவது, ஏனென்றால் அப்பா சுயமாகச் சம்பாதித்ததை அவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். வாரிசுச் சான்றில் தன் பெயரைச் சரிபார்ப்பது. தலைப்பில் 'பாகப்பிரிவினை' என்று இருக்கிறதா, 'விடுதலை' என்று இருக்கிறதா என்று வாசிப்பது. பெரும்பாலானோர் தவறவிடுவது கடைசி ஒன்றைத்தான்.

'கல்யாணத்துக்கு நகை போட்டோமே, சீர் செஞ்சோமே, அதுதான் பங்கு' என்பார்கள். நகைக்கு யாராவது பட்டா கொடுத்தார்களா? முக்கால்வாசி நகை புகுந்த வீட்டுக் கடனுக்கு அடகுக் கடை ஏறிவிடும்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவள் வாக்கைக் கேட்டு வீடு தேடி வருகிறார்கள், கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அவள் பங்கைக் கேட்டு வருகிறவர்கள் காரில் ஏற்றிப் பதிவு அலுவலகத்துக்கே கூட்டிப்போகிறார்கள். எதில் மதிப்பு அதிகம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணியில் அடுத்துப் பேச வருபவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு உட்காருகிறேன்: 1952 முதல் 1989 வரை அந்த எட்டுத் தேர்தலில் போட்ட வாக்குகள் இருந்தும், 8 ஏக்கரில் மகள் ஏன் 2 ஏக்கரோடு நின்றாள்?