சட்டத்துக்கு முன்னால் திறந்த வீடு

அன்பார்ந்த மாணவியரே, பெரியோர்களே,

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்றதும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும்தான் நம் நினைவுக்கு வரும். எனக்கு அவற்றைவிடப் பெரிதாகத் தெரிவது, அவர் தம் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டதுதான்.

அவர் 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள், தேவதாசிகள் பலர் பிறந்த இசை வேளாளர் குலத்தவர். அந்தக் குலத்துப் பெண் தெருவில் நடந்தால் ஊர் என்ன பேசும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1912-ல் மருத்துவரானார், பிறகு சென்னைச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர், துணைத் தலைவர். அங்கே பொட்டுக்கட்டும் வழக்கத்தை, அதாவது சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்து தேவதாசியாக்கும் வழக்கத்தை, தடுக்க மசோதா கொண்டுவந்தார். சத்தியமூர்த்தி போன்ற தலைவர்களே எதிர்த்து நின்றார்கள்.

எதிர்ப்பு அந்தக் குலத்துப் பெண்களிடமிருந்தும் வந்தது. பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளும் மற்றக் கலைஞர்களும், எங்கள் எல்லோரையும் ஒழுக்கம் கெட்டவர்கள் என்று முத்திரை குத்தாதீர்கள் என்று வாதாடினார்கள். அந்த வலியும் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். மசோதாவுக்காக ஒரு வழக்கத்தை இழிவென்று பேசும்போது, அதில் பிறந்தவள் மீதும் அந்தச் சொல் தெறிக்கத்தான் செய்யும்.

1930-ல் தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகள் சிலர் அடைக்கலம் தேடி அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அன்றைய சென்னையில் பிராமணப் பெண்களுக்கு ஒரு விடுதி, மற்றவர்களுக்கு ஒரு விடுதி. இந்தச் சிறுமிகளுக்கு இரண்டிலும் இடமில்லை. குழந்தைகள் ஐயா! பிறந்த வீட்டைத் தவிர அவர்கள் மீது என்ன குற்றம்?

முத்துலட்சுமி ஒரு கமிட்டி போட்டிருக்கலாம், சட்டசபையில் கேள்வி எழுப்பியிருக்கலாம். அவர் அந்தப் பிள்ளைகளைத் தம் வீட்டிலேயே தங்க வைத்தார். அதுதான் அவ்வை இல்லம். பொட்டுக்கட்டப்படாமல் தப்பியவள், கைவிடப்பட்டவள், ஆதரவற்றவள், யார் வந்தாலும் அங்கே சோறும் பாயும் பள்ளிப் படிப்பும் கிடைத்தன.

சட்டம் நிறைவேற 1947 வரை ஆயிற்று. இடையில் 17 ஆண்டுகள். அதற்குள் அவ்வை இல்லத்துப் பெண்கள் படித்து, ஆசிரியைகளாகவும் செவிலியர்களாகவும் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள்.