கை நீட்டினால் அணையும் விளக்கு

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் செய்முறை சொல்லிக்கொடுப்பவன் நான். போன ஐப்பசியில் ஒரு சோதனைக்கு இறங்கினோம். இரு முனையும் அடைத்த கண்ணாடிக் குழாய், உள்ளே குறைந்த அழுத்தத்தில் நியான் வாயு. உள்ளே கம்பி எதுவும் போகாது. வெளியிலிருந்தே அதை ஒளிர வைக்க வேண்டும்.

"வீட்டுக் கரண்டையே வோல்டேஜை ஏற்றிக் கொடுத்தால் ஆகாதா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. குழாயின் மேல் சுற்றிய செப்புத் தகட்டுக்கும் உள்ளிருக்கும் வாயுவுக்கும் நடுவே கண்ணாடி இருக்கிறதல்லவா? அதுவே ஒரு கெப்பாசிட்டர், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் அமைப்பு. அதன் தேக்கும் திறன் (கெப்பாசிட்டன்ஸ்) 5 பிகோஃபாரட் என்று வையுங்கள். வீட்டுக் கரண்டின் அலைவெண்ணான (நொடிக்கு எத்தனை அலை என்ற எண்) 50 ஹெர்ட்ஸில் அதன் தடை சுமார் 64 கோடி ஓம். 500 கிலோஹெர்ட்ஸில் 64 ஆயிரம் ஓம்தான். அதனால்தான் அலைவெண்ணையும் ஏற்றுகிறோம்.

இரண்டையும் சேர்த்துத் தருவது நிக்கோலா டெஸ்லா 1891-இல் காட்டிய ஒத்ததிர்வுச் சுருள், அதாவது தன் சொந்த அலைவெண்ணில் தள்ளினால் வோல்டேஜ் பெருகும் கம்பிச் சுருள். எங்கள் சுருளின் தூண்டல் அளவு 10 மில்லிஹென்றி. சுருளின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸ், குழாய், சுற்றுப்புறம் எல்லாம் சேர்த்து 10 பிகோஃபாரட். கணக்குப் போட்டால் 503 கிலோஹெர்ட்ஸ் வரும். சுருளை இயக்கும் ஆசிலேட்டரை (மின் அலை உண்டாக்கும் சுற்று) அதே எண்ணில் நிறுத்தினோம். குழாய் செக்கச்செவேல் என்று எரிந்தது.

கிட்டே பார்க்க அந்த மாணவி கையை நீட்டினாள். பொசுக்கென்று அணைந்தது. கையை இழுத்தாள், எரிந்தது. அவள் கை சேர்த்தது 2 பிகோஃபாரட் என்று வைத்தாலே சுருளின் அலைவெண் 459-க்கு இறங்கிவிடும். இப்படிப்பட்ட சுருளோ, தன் எண்ணிலிருந்து ஐந்தாறு கிலோஹெர்ட்ஸ் விலகினாலே சுணங்கிப்போகும். வளவில் ஆடும் ஊஞ்சலைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிப் பாருங்கள், பாதித் தள்ளல் எதிர்த்திசையில்தான் விழும்.

ஆகவே அலைவெண்ணை நாம் திணிக்கக் கூடாது, சுருளிடமே கேட்க வேண்டும். சுருளின் அடிக்கம்பி பூமிக்கு இறங்கும் இடத்தில் ஃபெரைட் என்ற காந்தப் பொருளால் ஆன ஒரு வளையத்தை மாட்டி, அதில் கிடைக்கும் சிறு சிக்னலால் ஆசிலேட்டரின் மின் சுவிட்சுகளான மாஸ்ஃபெட்டுகளை இயக்கினோம். அப்புறம் யார் கிட்டே போனாலும் ஆசிலேட்டர் கூடவே நகர்ந்தது, குழாய் அணையவில்லை.

அடுத்த சோதனையை மழை வைத்தது. குழாயைத் தாங்க, முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடையில் வாங்கிய பர்மா தேக்குச் சட்டம் ஒன்றை வைத்திருந்தேன். மரம்தானே, மின்சாரம் பாயாது என்ற நினைப்பு. ஈரம் ஏறிய மரத்தில் இந்த வோல்டேஜ் சும்மா இருக்குமா? மேல்முனைக் கம்பி பட்ட இடத்திலிருந்து புகை வந்தது. அணைத்துப் பார்த்தால் வேர் பிரிந்ததுபோல் ஒரு கரிக்கோடு. தப்பு என்னுடையதுதான். அக்ரிலிக்குக்கு மாறினோம்.

உயர் அலைவெண் மின்சாரம் தோலோடு போய்விடும், ஆபத்தில்லை என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். அதிர்ச்சி தெரியாமலே சதை வேகும். அதைவிடப் பொல்லாதது ஆசிலேட்டருக்கு மின்சாரம் தரும் சப்ளைப் பகுதி. 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக்கினால் 325 வோல்ட். எங்கள் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் அது சுமார் 25 ஜூல். சுவிட்சை அணைத்தாலும் அது இறங்காது. குறுக்கே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டும் 5 வோல்ட்டுக்கு வர மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறது. மீட்டர் அதைக் காட்டும்வரை எங்கள் மேசையில் யாரும் கைவைப்பதில்லை.

தேக்குச் சட்டத்தை எறிய மனமில்லை. ஆய்வகக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறோம். வணக்கம்.