நிரலோடு ஓர் ஆளையும் அனுப்புங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

1976-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் ஜான் ஹால்க்விஸ்ட் என்ற பொறியாளர் டைனா-3டி என்றொரு கணினி நிரலை எழுதினார். தாழப் பறக்கும் விமானத்திலிருந்து விழும் குண்டு தரையில் மோதும்போது எப்படி நசுங்கும் என்று கணக்கிடத்தான் அதை எழுதினார். 1978-இல் அரசு அதன் மூலநிரலைப் பொதுவில் விட்டது. மோதுவது குண்டா காரா என்று கணக்குக்குத் தெரியாதல்லவா? மோட்டார் வாகன நிறுவனங்கள் அதைக் கையில் எடுத்தன. அதிலிருந்து கிளைத்த எல்எஸ்-டைனாவைக் கொண்டுதான், புதிய காரைச் சுவரில் மோதிப் பார்க்கும் சோதனையை இன்று பலர் முதலில் கணினியிலேயே நடத்திப் பார்க்கிறார்கள்.

மக்கள் வரிப்பணத்தில் பிறந்த நிரல் மக்களின் தொழிலுக்குப் பயன்பட வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் கொடுத்துவிட்டால் போதுமா?

சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறை இருக்கிறது. குழாய்களைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள் செய்கிறார்கள். முதலாளி தமிழர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஓர் ஆய்வுக்கூடம் உருவாக்கிய கட்டமைப்புக் கணக்கீட்டு நிரல் அவருக்குக் கிடைத்தது. விளக்கக் குறிப்பு பத்துப் பக்கம்கூட இல்லை.

ஒரு சனிக்கிழமை மாலை தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, என் சட்டம் தன் எடையிலேயே கிலோமீட்டர் கணக்கில் வளைகிறதாம். வந்து பாருங்கள்" என்றார்.

போய்ப் பார்த்தேன். நீளத்தை மில்லிமீட்டரில் கொடுத்திருந்தார்கள். எஃகின் அடர்த்தியைப் பாடப்புத்தகத்தில் உள்ளபடி 7850 என்று போட்டிருந்தார்கள். அது ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு. நீளத்துக்கு மில்லிமீட்டரும் விசைக்கு நியூட்டனும் வைத்துக் கணக்குப் போட்டால் அடர்த்தியை ஒரு கன மில்லிமீட்டருக்கு இத்தனை டன் என்று தர வேண்டும்: 0.00000000785. புள்ளிக்குப் பின்னால் எட்டுச் சுழியம். அந்த நிரல் அலகைக் கேட்காது. கொடுத்த எண்ணை வாங்கிக்கொண்டு பேசாமல் விடையைத் தந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களுக்கு இது அன்றாடப் பழக்கம். அதனாலேயே யாரும் எழுதி வைக்கவில்லை.

விடை கிலோமீட்டரில் வந்ததால் பிழை என்று தெரிந்தது. பத்து மில்லிமீட்டர் வர வேண்டிய இடத்தில் ஏழு வந்திருந்தால்? அந்தச் சட்டம் அப்படியே கட்டுமானத் தளத்துக்குப் போயிருக்கும். அதன் அடியில் ஆட்கள் வேலை செய்வார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நாசா தன் கட்டமைப்புக் கணக்கீட்டு நிரலான நாஸ்ட்ரானை வெளியிட்டபோது கோட்பாட்டுக்கு ஒன்று, பயன்படுத்துவோருக்கு ஒன்று, நிரல் எழுதுவோருக்கு ஒன்று, மாதிரிக் கணக்குகளுக்கு ஒன்று என நான்கு கையேடுகளை உடன் தந்தது. என்னைக் கேட்டால் அந்த நான்காவதுதான் உயிர். விடை தெரிந்த கணக்கை முதலில் போட்டுப் பார்த்துவிட்டால், நம் கை சரியாக இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

சிங்கப்பூருக்கு இது புதிதல்ல. ஏ-ஸ்டார் என்ற அரசு ஆய்வு அமைப்பின் கீழ் இன்று இருக்கும் உயர்திறன் கணிப்பு ஆய்வுக்கழகம் 1998 முதல் இயங்குகிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நகரங்களில் காற்றும் வெயிலும் எப்படிப் படும் என்று கணிக்கும் மென்பொருளை அதுவும் வீவகவும் சேர்ந்து உருவாக்கியிருக்கின்றன. ஆய்வாளர்களையே உள்ளூர் நிறுவனங்களுக்கு அனுப்பி வேலை செய்ய வைக்கும் டி-அப் திட்டத்தையும் ஏ-ஸ்டார் 2003-இல் தொடங்கியது. எனக்கு மிகவும் பிடித்த திட்டம் அது. நிரலைப் பகிரும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் அந்த எண்ணம் ஒரு வரியாகவாவது இடம்பெற வேண்டும் என்பதே என் கோரிக்கை. முதல் ஆறு மாதம் தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்ல ஓர் ஆள், விடையோடு இருபது மாதிரிக் கணக்குகள், பட்டறையில் தென்படும் பிழைகள் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிப் போக ஒரு வழி. பெரிய நிறுவனங்கள் இதற்கெல்லாம் சொந்தமாக ஆள் வைத்துக்கொள்ளும். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அது முடியாது.

அண்ணனின் பட்டறையில் அந்தக் கணினித் திரைக்குப் பக்கத்தில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. வெல்டிங் பிரிவிலிருந்து கணினிக்கு மாறிய இளைஞர் ஒருவர் தமிழில் தன் கையால் எழுதியது: "நீளம் மில்லிமீட்டரா? அப்படியானால் எட்டுச் சுழியத்தை எண்ணு."